யந்திரத்துக்கு வணக்கம், உழைப்பவனுக்கு அதட்டலா?



"புது யுகம் பிறந்துவிட்டது, கை தட்டுங்கள்" என்கிறார்கள். பாங்கு வாசலில் யந்திர மனிதன் நின்று வணக்கம் சொல்கிறது. ஓட்டலில் தட்டு ஏந்தி வருகிறது. ஆஸ்பத்திரியில் நெற்றியைப் பார்த்துக் காய்ச்சல் உண்டா இல்லையா என்று சொல்கிறது. பார்க்கிறவர்கள் கூட்டம் கூடி நிற்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், பிள்ளையைத் தூக்கி அதன் கையைத் தொடச் செய்கிறார்கள், போகும்போது அதற்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வேடிக்கை பார்ப்பது குற்றமில்லை. ஆனால் அதே வாசலில் பன்னிரண்டு மணி நேரம் கால் கடுக்க நின்று கதவு திறந்துவிடும் செக்யூரிட்டி அண்ணனுக்கு எத்தனை பேர் நன்றி சொன்னார்கள்? மேசை துடைக்கிற பையனின் முகத்தை யார் நிமிர்ந்து பார்த்தார்கள்? தொம்மலூரிலிருந்து விடியற்காலை புறப்பட்டு ஐ.டி. கம்பெனிகளின் கழிவறைகளைக் கழுவி, பளிங்குத் தரையை முகம் தெரியத் துடைத்துவிட்டு வருகிற நம் சகோதரிகளின் பெயர் அந்தக் கட்டடத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிறவரையில் நாம் கை தட்டப் போவதில்லை.

எங்கெங்கே வந்தது?

முதலில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவோம். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் பாங்கு, 2016 நவம்பரில் சென்னையில் "லட்சுமி" என்ற ரோபோவை வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல நிறுத்தியது. மறு வருஷமே பெங்களூரில் கனரா பாங்கு "மித்ரா" என்ற ரோபோவை வைத்தது. கன்னடத்தில் பேசும் ரோபோ என்று அதற்குப் பெருமையும் சேர்ந்தது. இதே பெங்களூரில் தயாரான மித்ராதான் 2017 நவம்பர் 28 அன்று ஐதராபாத் மாநாட்டில் பிரதமர் மோடியையும் அமெரிக்க ஜனாதிபதியின் மகள் இவாங்கா டிரம்பையும் வரவேற்றது.

ஓட்டலைப் பாருங்கள். 2017 இல் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ரோபோ பரிமாறும் ஓட்டல் திறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அதே வரிசையில் ஒன்று நம் தொம்மலூருக்கு அடுத்த இந்திராநகர் நூறடி சாலைக்கு வந்தது. வாசலில் வரவேற்க ஒரு ரோபோ, தட்டு தூக்க ஐந்து ரோபோக்கள். வைத்த பாதையில் நகரும். குறுக்கே ஆள் நின்றால் வழி விடச் சொல்லும். மேசைப் பக்கம் வந்து நிற்கும். தட்டை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியது சாப்பிட வந்தவர்தான். எச்சில் மேசையைத் துடைப்பது? அதற்கு மனிதன் வேண்டும். அடுப்படியில் வேகிறதற்கு? அதற்கும் மனிதன் வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் வணக்கம் சொல்ல யந்திரம், இருட்டில் பாத்திரம் தேய்க்க மனிதன்! இந்தப் பங்கீட்டைச் செய்தவர்கள் யார் என்று நாம் கேட்க வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்வோம். 2020 இல் கொரோனா வந்தபோது திருச்சி அரசு ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகளிடம் உணவும் மருந்தும் கொண்டுபோக ரோபோக்கள் வந்தன. பெங்களூர் பன்னேர்கட்டா சாலை ஆஸ்பத்திரி ஒன்றில் அதே மித்ரா காய்ச்சல் பார்த்தது. நர்ஸம்மாவும் வார்டு ஆயாவும் நோயின் வாயில் விழாமல் காக்கிற யந்திரம் நமக்கு வேண்டிய யந்திரம். அதை நாம் எதிர்க்கவில்லை.

மக்கள் மனம் கல்லா?

யந்திரத்துக்கு நன்றி சொல்கிறவனை முட்டாள் என்று ஏசுவது நம் வேலையல்ல. பேசுகிற எதுவும் உயிருள்ளது என்று எண்ணுவது மனித சுபாவம். 1966 இல் அமெரிக்காவில் வைசன்பாம் என்ற பேராசிரியர் "எலிசா" என்றொரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினார். நாம் தட்டச்சு செய்வதையே கொஞ்சம் மாற்றிக் கேள்வியாகத் திருப்பிப் போடும், அவ்வளவுதான். அது எழுதப்பட்ட கதையைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளர் அம்மையாரே, "நான் இதனோடு கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே போங்கள்" என்று அவரிடம் சொன்னாராம்! அதைக் கண்டு திடுக்கிட்ட பேராசிரியர், யந்திரத்தின் கையில் எதை ஒப்படைக்கக் கூடாது என்று பிற்பாடு புத்தகமே எழுதினார்.

கனடாவில் "ஹிட்ச்பாட்" என்று ஒரு பொம்மை ரோபோ செய்து சாலையோரம் விட்டார்கள். போகிற வருகிறவர்கள் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சேர்த்தார்கள். 2015 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் யாரோ அதை அடித்து உடைத்தார்கள். செய்தி படித்த ஊரெல்லாம் துக்கம் கொண்டாடியது. அதே அமெரிக்கத் தெருக்களில் வீடில்லாமல் படுத்திருக்கிற மனிதர்களுக்கு இப்படி ஒரு துக்கம் கிடைத்ததா?

நமக்கும் யந்திரத்தின் மேல் பிரியம் புதிதல்ல. ஆயுத பூஜையன்று லேத்துக்குச் சந்தனம் பூசுகிறவர்கள் நாம். ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டுகிறோம். தையல் மிஷினுக்குப் பொட்டு வைக்கிறோம். எச்.ஏ.எல்லிலும் ஐ.டி.ஐயிலும் வேலை பார்த்த நம் பெரியவர்கள் தங்கள் மிஷினைப் பெற்ற பிள்ளைபோலத் துடைத்து வைத்தார்கள். பெங்களூர் பி.இ.எல்லில் வேலை பார்த்த சுஜாதா ஜீனோ என்ற யந்திர நாயைக் கதையில் கொண்டுவந்தபோது வாரா வாரம் காத்திருந்து படித்தவர்கள் நாம்தான்.

ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். பொட்டு வைத்த லேத்து நம் கைக்கு அடங்கிய கருவி. அதை ஓட்டத் தெரிந்ததால் நமக்குக் கூலி உயர்ந்தது. வாசலில் நிற்கிற ரோபோவை நாம் ஓட்டவில்லை. அதன் சாவி முதலாளி கையில். அதன் பக்கத்தில் நின்று, அது நின்றுபோனால் தள்ளிவிடவும், தூசி படிந்தால் துடைக்கவும் நாம் கருவியாகிறோம். கருவி நமக்கா, நாம் கருவிக்கா? சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

வெட்டியும் அமஞ்சியும் திரும்பி வருகின்றன

"ரோபோ" என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920 இல் எழுதிய நாடகத்திலிருந்து. அவர்கள் மொழியில் "ரொபோட்டா" என்றால் பண்ணையாருக்குக் குடியானவன் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய கட்டாய உழைப்பு. நம் ஊரில் அதற்குப் பெயர் வெட்டி, அமஞ்சி, ஊழியம். நம் பாட்டன்மார் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் மூட்டை கட்டிக்கொண்டு கோலார் சுரங்கத்துக்கும் பின்னி மில்லுக்கும் கண்டோன்மென்டுக்கும் எதற்கு வந்தார்கள்? பஞ்சம் ஒரு காரணம். மிராசுதார் வாசலில் கைகட்டி, வாய் பொத்தி, கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிற அந்த வாழ்வு வேண்டாம் என்பது இன்னொரு காரணம். இங்கே வந்து சங்கம் வைத்தார்கள், கொடி பிடித்தார்கள், எட்டு மணி நேர வேலை கேட்டு வாங்கினார்கள்.

இன்றைக்கு முதலாளி ரோபோவைப் பார்த்து எதற்காக மகிழ்கிறான்? அதற்கு லீவு கிடையாது. போனஸ் கிடையாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. பிரசவம் கிடையாது. எதிர்த்துப் பேசாது. எல்லாவற்றுக்கும் மேலாக அதற்குச் சங்கம் கிடையாது. மிராசுதார் தேடிய அதே ஆள்தான்! அன்று அந்த ஆளைச் சாட்டையால் உண்டாக்கப் பார்த்தான், இன்று பிளாஸ்டிக்கால் வார்த்து எடுக்கிறான்.

வார்த்து எடுத்ததோடு நின்றால் போகட்டும் என்று விடலாம். அந்த ரோபோவை அளவுகோலாக வைத்து நம்மை அளக்கிறார்கள். "இந்த வாசகத்தைத்தான் சொல்ல வேண்டும், இப்படித்தான் சிரிக்க வேண்டும்" என்று கடையில் நிற்கிற நம் பெண்பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பையனுக்கு நிமிஷக் கணக்கு. வாங்கியவர் போடுகிற நட்சத்திரம் குறைந்தால் பிழைப்பு போகிறது. கழிவறை வாசலில் ஒரு பலகை, அதில் சிரித்த முகம், அழுத முகம். வருகிறவன் அழுத முகத்தை அமுக்கினால் கழுவிய அம்மாவுக்கு மெமோ. யந்திரம் மனிதனாகிவிடுமோ என்று சினிமாக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். நம் பயம் வேறு. மனிதனை யந்திரமாக்கும் வேலை நம் வீட்டுப் பிள்ளைகள் மேலேயே தினம் நடந்துகொண்டிருக்கிறது.

சாக்கடைக்குள் யார் இறங்குவது?

கும்பகோணத்திலிருந்து நடக்கும் பாங்கு 2016 இல் லட்சுமியை நிறுத்தியது என்றோம். அதே கும்பகோணம் நகராட்சிக்கு 2018 இல் இன்னொரு ரோபோ வந்தது. அதன் பெயர் "பாண்டிகூட்". கேரளத்து இளம் எஞ்சினியர்கள் செய்தது. அதற்கு முகமில்லை, சிரிப்பில்லை, வணக்கம் சொல்லத் தெரியாது. பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்து, காலும் கையுமாக உள்ளே இறங்கி, அடைப்பை வாரி மேலே கொண்டுவரும். மேலே நிற்கிற தொழிலாளி திரையைப் பார்த்து அதை ஓட்டுவார். விஷவாயு மனிதனைத் தொடாது.

எந்த ரோபோவோடு நின்று பெரிய மனிதர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்? எந்த ரோபோவுக்குப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தன? தோழர்களே, இந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

மனிதன் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993 இல் ஒரு சட்டம். போதவில்லை என்று 2013 இல் இன்னொரு சட்டம். 1993 முதல் சாக்கடையில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரி 29 அன்று பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் இந்த வேலையை அடியோடு நிறுத்தும்படி உத்தரவிட்டது. ஒரே விஷயத்தை முப்பது வருஷமாகத் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறதென்றால் என்ன பொருள்? மூடியைத் திறந்து ஆளை இறக்குவது நிற்கவில்லை என்றுதான் பொருள்.

இந்தப் போராட்டத்தின் வேர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் தமிழ்த் தொழிலாளர்களின் ஊரான கோலார் தங்கவயலில் பிறந்தவர் பெசவாடா வில்சன். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளின் உலர் கழிப்பிடங்களில் தன் ஜனங்கள் பட்ட பாட்டைப் பார்த்துக் கிளம்பிய மனிதர். மண்ணுக்கடியில் ஆயிரக்கணக்கான அடி போக யந்திரம் வைத்த கம்பெனிக்கு, மண்ணுக்கு மேலே மலம் அள்ளத் தொழிலாளியின் கைதான் கிடைத்தது! சுரங்கம் 2001 இல் மூடப்பட்டது. அந்தப் புத்தி மூடப்படவில்லை. தோசை தூக்க யந்திரம் உண்டு, சாக்கடைக்கு ஆள் உண்டு என்கிற நகரம் அதே புத்தியோடுதான் நடக்கிறது. மலிவான உயிர் கிடைக்கிற இடத்தில் யந்திரம் வராது. ஜாதியும் வறுமையும் சேர்ந்து அந்த உயிரை மலிவாக்கி வைத்திருக்கின்றன.

சொல்லுகிற சமாதானங்கள்

"யாருக்கும் வேலை போகவில்லையே, வெறும் விளம்பரம்தானே?" என்பது முதல் சமாதானம். பாதி உண்மை. ஜப்பானில் 2015 இல் ரோபோக்களே நடத்தும் ஓட்டல் என்று ஒன்றைத் திறந்தார்கள். 2019 ஆரம்பத்தில் அங்கிருந்த 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் வேலையை விட்டு நீக்கப்பட்டுவிட்டன என்று செய்தி வந்தது. குறட்டை விட்டவரின் சத்தத்தைக் கேள்வி என்று நினைத்து, நடுராத்திரியில் எழுப்பி எழுப்பி "மறுபடி சொல்லுங்கள்" என்றதாம் அறையிலிருந்த பொம்மை. கடைசியில் மனிதன்தான் வந்து காரியத்தைப் பார்த்தான். வாசலில் சிரிக்கிற ரோபோ இன்றைக்கே நம் வேலையைப் பறித்துவிடும் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் கூலி உயர்வு கேட்கிற அன்றைக்கு அதே பொம்மையைக் காட்டித்தான் வாயடைப்பார்கள். முன்பு "நீ போனால் ஒடிசாக்காரன் வருவான், அஸ்ஸாம்காரன் வருவான்" என்றார்கள். இப்போது அந்த ஒடிசாத் தம்பியிடம் "நீ போனால் மிஷின் வரும்" என்கிறார்கள்.

"பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம்" என்பது இரண்டாவது. படிக்க வைப்போம், கட்டாயம் படிக்க வைப்போம். ஆனால் 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்ததே, அவர்கள் படிக்காதவர்களா? பெங்களூரில் அதற்கு எதிராகக் குரல் கொடுத்தது ஐ.டி. ஊழியர்கள் சங்கம். ஒட்டப்பட்ட கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறவருக்கும் அதைத் துடைக்கிறவருக்கும் சங்கம் ஒன்றே பாதுகாப்பு.

"உடைத்துப் போட்டால் தீர்ந்தது" என்று நம் இளைஞர்களில் சிலர் மீசை முறுக்குகிறார்கள். வேண்டாம் தம்பி. உடைந்த ரோபோவுக்கு இன்ஷூரன்ஸ் வரும், உனக்கு ஜெயில் வரும். பாங்கு ஊழியர்களைப் பாருங்கள். கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றதும் சங்கம் எதிர்த்தது, பேசியது, 1983 இல் நிர்வாகங்களோடு ஒப்பந்தம் போட்டது. எங்கே எந்த யந்திரம், எந்த நிபந்தனையில் என்று எழுத்தில் வாங்கியது. சங்கம் இருந்ததால் அது முடிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆட்குறைப்பு உண்டாக்கக்கூடிய யந்திர மாற்றம் செய்வதானால் 21 நாள் முன்னதாகத் தொழிலாளிக்கு நோட்டீஸ் தர வேண்டும் என்று 1947 தொழில் தகராறுகள் சட்டத்தின் 9-ஏ பிரிவு சொன்னது. அந்தச் சட்டம் போய், 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 40 ஆவது பிரிவிலும் இந்த நோட்டீஸ் இருக்கிறது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் தொழிற்சாலைகளின் வரம்பை 100 பேரிலிருந்து 300 பேராக இதே சட்டம் உயர்த்திவிட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் வித்தை!

நம்மில் பெரும்பாலோர் காண்டிராக்ட் ஆட்கள். கட்டடத்துக்காரனைக் கேட்டால் "காண்டிராக்டரைக் கேள்" என்பான். காண்டிராக்டரைக் கேட்டால் "நாளையிலிருந்து வராதே" என்பான். நோட்டீஸ் ஏது, 21 நாள் ஏது? இந்தச் சுவரை இடிக்க முடியாதென்று சோர்ந்து போகாதீர்கள். பெங்களூரின் பௌரகார்மிகர்களைப் பாருங்கள். காண்டிராக்டின் கீழ் கிடந்தவர்கள். 2022 ஜூலையில் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். கன்னடமும் தெலுங்கும் தமிழும் பேசும் பெண்கள் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள். 2025 மே தினத்தன்று 12,692 பேருக்கு நிரந்தர நியமன ஆணை கொடுக்கப்பட்டது. துடைப்பத்தைக் கீழே வைக்கத் தெரிந்ததால் கிடைத்த வெற்றி அது. ரோபோவுக்கு வணக்கம் சொல்லத் தெரியும். வேலை நிறுத்தம் செய்யத் தெரியாது.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: யந்திரம் முதலில் சாக்கடைக்குள் இறங்கட்டும், பிறகு ஓட்டல் வாசலுக்கு வரட்டும். நகரத்தின் ஒவ்வொரு வட்டத்துக்கும் அடைப்பு வாரும் யந்திரம் வேண்டும். அதை ஓட்டும் வேலை, இதுவரை உள்ளே இறங்கியவருக்கே பயிற்சியோடும் நிரந்தரச் சம்பளத்தோடும் தரப்பட வேண்டும்.

இரண்டு: ஓட்டல், பாங்கு, ஆஸ்பத்திரி, ஐ.டி. வளாகம் எதுவானாலும் யந்திரம் வைக்குமுன் அங்கே வேலை செய்கிறவர்களிடம், காண்டிராக்ட் ஆட்கள் உட்பட, எழுத்தில் அறிவித்துப் பேச வேண்டும்.

மூன்று: யந்திரத்தால் மிச்சமாகிற நேரம் தொழிலாளிக்கு ஓய்வாக வர வேண்டும். பன்னிரண்டு மணி நேர டியூட்டி எட்டாகக் குறையட்டும். நிற்கிறவருக்கு ஒரு நாற்காலி போடட்டும்.

நான்கு: நட்சத்திரம், சிரித்த முகம், அழுத முகம் இவற்றை வைத்து ஒருவருடைய சோற்றில் கை வைக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. நம் பிள்ளைகளும் ரோபோவைக் கண்டால் ஓடிப்போய்க் கை கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். ஆனால் காலையில் தெருவைக் கூட்டுகிற அக்காவை "அக்கா" என்று கூப்பிடவும், ஓட்டலில் தண்ணீர் வைக்கிற பையனிடம் "நன்றி தம்பி" என்று சொல்லவும் அவர்களுக்கு நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோமா? அங்கே வேலை செய்கிறவர் கன்னடக்காரரோ, பீகார்க்காரரோ, யாராயிருந்தாலும் நம் ஆள். மரியாதையை முதலாளியிடம் கேட்கிற நாம் அதை முதலில் ஒருவருக்கொருவர் கொடுக்கப் பழக வேண்டும்.

வெட்டிக்கு அஞ்சி ரயிலேறி வந்தவர்களின் வாரிசுகள் நாம். இந்த ஊரில் கல் உடைத்தோம், சுரங்கம் தோண்டினோம், மில் ஓட்டினோம், கட்டடம் எழுப்பினோம். வணக்கம் சொல்லும் பொம்மையாக மாற இங்கே வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். உங்கள் வேலையிடத்தில் எந்த யந்திரம் வந்தது, யார் வேலை குறைந்தது, யாருக்கு நேரம் கூடியது என்று எழுதிக் கொண்டு வாருங்கள். பக்கத்து மேசையில் வேலை பார்க்கிற ஒடிசாத் தம்பியையும் அழைத்து வாருங்கள்!